எத்தனை ஏக்கர் என்பதோடு நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் காட்டுத்தீயை ஆராய்கிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். 'பனி எரிகிறது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கூடவே விமானத்திலிருந்து எடுத்த புகைப் படம், எத்தனை லட்சம் ஏக்கர் என்ற கணக்கு. அடுத்த வாரமே ஒரு வாசகர், இங்கே குழாயில் குடிதண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருநாள், இதில் யாருமே இல்லாத ஊரில் புல் எரிந்ததை ஹெலிகாப்டரில் போய் அளக்கிறார்களாம், அதை நாம் காசு கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டுமா என்று காரசாரமாகக் கேட்டிருந்தார். தண்ணீர் விஷயத்தில் அவர் பக்கம்தான் நானும். ஆனால் தீ விஷயத்தில் அவர், உங்கள் கட்டுரையாளர் இரண்டு பேருமே மேலே தெரிவதை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். நான் சாயல்குடிப் பக்கத்துக்காரன், புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், என் தம்பி இன்றைக்கும் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிறான். அந்த இரண்டு தகுதியிலும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் தலைப்பு. பனி எங்கேயும் எரியாது. தூந்திரத்தில் மரம் கிடையாது, முழங்கால் உயரப் புதர், கோரை மாதிரி புல், பாசி, கல்பாசி, அவ்வளவுதான். கோடை என்பது இரண்டு மூன்று மாசம். அந்தக் குளிரில் செத்த செடி மக்குவதில்லை, மக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து மெத்தை மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குக் கீழே வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கிற மண், சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு. கோடையில் இளகுவது மேல்மட்டம் மட்டும், அதுவும் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். தீப்பிடித்தால் மேலே உள்ள புல் போவது ஒரு பெரிய சேதமே இல்லை. எரிவது அந்த மெத்தை. மண்ணே எரிகிறது என்று தலைப்பு வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும், படிக்கிறவனுக்கும் பயம் வந்திருக்கும்.

தீ என்றால் கொழுந்துவிட்டு எரிய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். சீமைக்கருவேலத்தை வெட்டி, துண்டுபோட்டு, கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே செத்தையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் பூசித்தான் மூட்டம் போடுகிறோம். நெருப்பு வைத்த பிறகு வெளியே கொழுந்து தெரியக் கூடாது, தெரிந்தால் நஷ்டம். பத்து நாளோ, பெரிய மூட்டமாக இருந்தால் அதற்கு மேலேயோ உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ராத்திரியும் ஆள் காவல் இருக்க வேண்டும், மண் எங்கேயாவது வெடித்தால் காற்று உள்ளே புகுந்து கரியெல்லாம் சாம்பலாகிவிடும். புகை வெள்ளையாக இருக்கிறவரை ஈரம் போகிறது என்று அர்த்தம், நீலம் பாரித்தால் வெந்துவிட்டது, ஓட்டையை அடை என்று அர்த்தம். உங்கள் கட்டுரையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டி, இதில் இல்லாததை நான் படித்தவரைக்கும் சொன்னபோது அவன் சொன்னது இதுதான்: "அண்ணே, இது காட்டுத்தீ இல்லண்ணே, மூடாம விட்ட மூட்டம்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பேசுவது ஒரு தீயைப் பற்றி. 2007 ஜூலை மத்தியில் அலாஸ்காவின் வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடருக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் நடுவே, அனக்டுவுக் ஆற்றுப் பக்கம் மின்னல் விழுந்து பற்றியது. அந்த வருஷம் அங்கே கோடை வழக்கத்தைவிடச் சூடு, மழையும் இல்லை. ஆனாலும் இரண்டு மாசம் போல அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, புகைந்துகொண்டு கிடந்தது. வழக்கமாக அங்கே செப்டம்பர் என்றால் பனி விழ ஆரம்பித்துத் தீயை அமுக்கிவிடும். அந்த வருஷம் செப்டம்பரில் பனிக்குப் பதில் வறண்ட காற்று வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அக்டோபரில் பனி மூடி அணைக்கிற வரைக்கும் எரிந்து, மொத்தம் 1,039 சதுர கிலோமீட்டர். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி.

உங்கள் கட்டுரை மாதிரி என்றால் கதை இங்கே முடிந்துவிடும். ஆராய்ச்சி ஆரம்பித்ததே இதற்கு அப்புறம்தான். எரிந்த இடத்துக்கு ஆள் நடந்து போகிற தூரத்தில் ரோடு இல்லை, அதனால்தான் ஹெலிகாப்டர், ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. அங்கே இறங்கியவர்கள் கேட்ட கேள்வி எத்தனை ஏக்கர் என்பது இல்லை, அதைத்தான் செயற்கைக்கோள் ஏற்கெனவே சொல்லிவிட்டதே. எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி. எரிந்து காணாமல் போன ஒன்றின் ஆழத்தை எப்படி அளப்பது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே பருத்திப்புல் என்று ஒரு வகை, குத்துக் குத்தாக, குமிழ் குமிழாக முளைக்கும். தீ சுற்றியுள்ள பாசியையும் மக்கையும் தின்றுவிட்டுப் போனாலும் அந்தக் குத்தின் அடிப்பாகம் மொட்டையாக நிற்கும். எரியாத பகுதியில் போய், குத்தின் உச்சிக்கும் சுற்றியுள்ள தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நிறைய இடத்தில் அளந்து வைத்துக்கொள்கிறார்கள். எரிந்த பகுதியில் அதே இடைவெளியை அளந்தால் அதிகமாக இருக்கும், தரை இறங்கியிருக்கிறதே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எரிந்துபோன மண். ஸ்கேல், நோட்டு, முழங்கால் வலி, இவ்வளவுதான் கருவி. சராசரியாக வந்தது ஆறு சென்டிமீட்டர். இரண்டரை அங்குலம்கூட இல்லை.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் அந்த ஆறு சென்டிமீட்டர் மண்ணும் மேலே இருந்த செடியும் சேர்ந்து காற்றுக்கு அனுப்பிய கார்பன் சுமார் இரண்டு கிலோ. அதை 1,039 சதுர கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 21 லட்சம் டன். மிஷெல் மாக் என்பவர் தலைமையில் அந்தக் குழு 2011ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டபோது கூடவே ஒரு ஒப்பீடும் வைத்தார்கள். உலகத்தில் உள்ள மொத்த ஆர்க்டிக் தூந்திரமும் சேர்ந்து, போன நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து வருஷத்தில், சராசரியாக ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கார்பனை உறிஞ்சிச் சேமித்ததோ, அந்த அளவுக்கு இந்த ஒரே தீ வெளியே விட்டுவிட்டது. ஒரு மின்னல் விழுந்த ஒரே தீ. ஏக்கரை மட்டும் பார்த்தால், கனடாவிலோ சைபீரியாவிலோ இதைவிடப் பல மடங்கு காடு எரிகிற வருஷங்கள் உண்டு, அங்கே இது ஒரு பொட்டுச் செய்தி.

இன்னொன்றும் செய்தார்கள். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடிப்போனது, அந்தத் தடம் உலகத்தில் உள்ள எல்லாச் செடியிலும் இருக்கிறது. அதை வைத்து, தீ கீழே இறங்கி நின்றுபோன ஆழத்தில் உள்ள மண் எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்தார்கள். எரிந்தது அதிகபட்சம் ஐம்பது வருஷத்துச் சேமிப்பு. அதாவது தீ மேல்பெட்டியை மட்டும்தான் திறந்திருக்கிறது, கீழே ஆயிரக்கணக்கான வருஷத்துச் சரக்கு இன்னும் உறைந்து கிடக்கிறது. ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் வேறு மாதிரி என்றால், தீ போன பிறகு நடப்பதுதான் உண்மையான கூத்து. அந்தப் பாசி மெத்தை வெயில் கீழே இறங்காமல் தடுத்துக்கொண்டிருந்தது. அது மெலிந்துவிட்டது, தரையும் கறுத்துவிட்டது, கறுத்த தரை வெயிலை இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர் தார்ரோட்டில் சித்திரை மாசம் செருப்பில்லாமல் நின்று பார்த்தால் போதும். முனை மழுங்கிய ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் குத்தி, எங்கே கெட்டியாக முட்டுகிறதோ அதுவரை இளகியிருக்கிறது என்று வருஷா வருஷம் அளக்கிறார்கள். எரிந்த இடத்தில் கம்பி கூடுதலாக இறங்குகிறது. எரியாத இடம், அரைகுறையாக எரிந்த இடம், நன்றாக எரிந்த இடம் என்று மூன்றிலும் அளவுக் கருவி வைத்த கோபுரம் நட்டு, நிலம் கார்பனை மூச்சு மாதிரி விடுவதையும் இழுப்பதையும் கணக்கெடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று நான்கு வருஷத்தில் எரிந்த இடம் மறுபடி பச்சையாகிவிட்டது! பருத்திப்புல்லுக்கு அடி உயிரோடு இருந்தால் போதும், சட்டென்று தழைத்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் பச்சை வந்துவிட்டது, ஆக நிலம் குணமாகிவிட்டது என்று சொல்லி மூட்டை கட்டியிருக்கலாம். பெஞ்சமின் ஜோன்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் அப்படிச் செய்யவில்லை. 2009ல் ஒரு தடவை, 2014ல் ஒரு தடவை, விமானத்தில் இருந்து லேசர் ஒளியைத் தரையில் அடித்து மேடு பள்ளத்தை அளந்தார்கள். அவர்கள் பார்த்த எரிந்த பகுதியில் 34 சதவீத நிலம் உள்வாங்கியிருந்தது. பக்கத்திலேயே அதே மாதிரி மண், அதே மாதிரி பனிக்கட்டி உள்ள எரியாத பகுதியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. உறைமண்ணுக்குள் ஆப்பு ஆப்பாக இருந்த பனிக்கட்டி உருகி, மேலே தரை தொய்ந்துவிட்டது. மேலே பச்சைப் புல், கீழே சரிவு. இதை ஏழு வருஷம் கழித்தும் விடாமல் போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது, தீ நடந்த வாரத்தில் படம் எடுத்துப் போட்டவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. உங்களைக் குத்திக்காட்டவில்லை, எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான்.

இந்த மாதிரித் தீ அங்கே எப்போதும் உள்ளதுதானே, இயற்கைதானே என்று ஒரு கேள்வி வரும், வர வேண்டியதுதான். அதற்கும் கீழே தோண்டித்தான் பதில் கண்டுபிடித்தார்கள். தீ வந்தால் கரித்தூள் பறந்து பக்கத்து ஏரியில் விழும், அடிவண்டலில் படியும், அதன்மேல் அடுத்த வருஷத்து வண்டல். குழாயை இறக்கி அந்த வண்டலைத் தூணாக எடுத்து, அடுக்கு அடுக்காகக் கரியை எண்ணுகிறார்கள். ஃபெங் ஷெங் ஹு என்பவரின் குழு அனக்டுவுக் பகுதி ஏரிகளில் அப்படி எண்ணிப் பார்த்ததில், சுமார் 5,000 வருஷமாக அங்கே இந்த அளவுக்குத் தீ வந்த அறிகுறியே இல்லை. அதே அலாஸ்காவில் நோவாடாக் பள்ளத்தாக்கில் எடுத்துப் பார்த்தால், சில நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போயிருக்கிறது. ஆக தூந்திரம் என்றாலே ஒரே மாதிரி இல்லை, இயற்கை என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்கவும் முடியாது, அழிவு என்று பொதுவாகக் கத்தவும் முடியாது. இடத்துக்கு இடம் தோண்டிப் பார்க்க வேண்டும். நான் பாடம் எடுத்த காலத்தில் புத்தகத்தில் தூந்திரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது, கலைமான், பாசி, எஸ்கிமோ, மணி அடித்துவிடும்.

குளிர்காலத்தில் அணையாத தீயைப் பற்றி உங்கள் கட்டுரையில் பேய்க்கதை மாதிரி எழுதியிருந்தார்கள். அது பேயும் இல்லை பிசாசும் இல்லை. மண்ணுக்குள் கனன்ற தீ, மேலே பனி மூடிய பிறகும் காற்று கொஞ்சம் கிடைத்தால் உயிரோடு இருந்து, வசந்தத்தில் பனி உருகியதும் அதே இடத்துப் பக்கத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும் உள்ள வடகாடுகளில், 2002 முதல் 2018 வரை எரிந்ததில் இதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஒரே ஒரு வருஷம் மட்டும் 38 சதவீதம். மின்னலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே ஆரம்பித்துவிடுகிறது, அதுதான் சிக்கல். 2020 ஜூன் 20ஆம் தேதி, ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே, சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானதை உலக வானிலை அமைப்பு சரிபார்த்து ஒப்புக்கொண்டது. 38 என்பது நம் பரமக்குடிக் கோடை. அப்படி ஒரு சூட்டில் அந்த மெத்தை காய்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

கடிதம் எழுதிய வாசகர் 'யாருமே இல்லாத ஊர்' என்று எழுதியதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாசக் கடைசியில் அலாஸ்காவின் தென்மேற்கே, யூகான் ஆறு கடலில் சேருகிற டெல்டாப் பகுதியில் மின்னல் விழுந்து தூந்திரம் பற்றியது. ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டர் எரிந்தது. பக்கத்தில் செயின்ட் மேரிஸ் என்ற ஊர், யூபிக் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிற இடம், ஆற்று மீனும் தூந்திரத்தில் பறிக்கிற பழமும் குளிர்காலச் சாப்பாட்டில் முக்கியம். ரோட்டு வழியாகப் பக்கத்துச் சிற்றூர்களைத் தாண்டிப் போக முடியாது. வயசானவர்களையும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களையும் விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டி வந்தது. புயல் கூண்டு ஏற்றியதும் கிழவன் கிழவிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடுகிற நம் கரையோரத்துக்காரர்கள், அதையெல்லாம் 'யாருமே இல்லாத ஊர்' என்று சொல்லக் கூடாது. டெல்லியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கிற ஒருவருக்கு தனுஷ்கோடியும் யாருமே இல்லாத ஊர்தான்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதில் ஆளாளுக்கு மிகைப்படுத்துகிறார்கள். வடக்கே அந்த உறைமண்ணில் இருக்கிற கார்பன் இப்போது காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான நோவா வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கையில், தீயையும் கணக்கில் சேர்த்தால் தூந்திரம் கார்பனை வாங்கி வைக்கிற நிலம் என்பது மாறி, வெளியே விடுகிற நிலமாகிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கார்பனுக்கு எல்லை கிடையாது, எங்கே வெளியே வந்தாலும் உலகம் முழுக்கச் சூட்டைக் கூட்டும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததை மண்டபத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்காக இருபத்தொரு தீவில் இரண்டு தீவு முழுகிப் போனதற்கும் துருவம்தான் காரணம் என்று மேடையில் பேசுகிறார்கள் பாருங்கள், அது சுத்த ஏமாற்று. விலாங்குசல்லியையும் பூவரசன்பட்டியையும் பொறுத்தவரை, சுற்றியுள்ள பவளப்பாறையை வெட்டி வெட்டி வள்ளத்தில் ஏற்றியது நம் ஆட்கள். கடல் மட்டம் மீதியைப் பார்த்துக்கொண்டது. அப்புறம் மண்டபத்திலும் தனுஷ்கோடியிலும் தை மாசம் சேற்றில் ஓடி ஓடிப் பொறுக்குகிற கொசு உள்ளான், அந்தச் சின்ன உருண்டைப் பறவை, முட்டை வைக்கிற இடம் அந்தத் தூந்திரம்தான். சம்பந்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதும்.

நான் இவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் வேறு. தூந்திரத்தை அளக்கிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த இரண்டரை அங்குலத்தைத்தான். நம் பக்கம் கோடை வந்தால் தீக்குப் பஞ்சமா? பனங்காடு எரிகிறது, கண்மாய்க்குள் காய்ந்த கருவேலமும் கோரையும் எரிகிறது, யாரோ பீடியைப் போட்டான், யாரோ வேண்டுமென்றே வைத்தான், தீயணைப்பு வண்டி வந்தது, இரண்டு மணி நேரம் போராடி அணைத்தார்கள், இத்தனை பனை கருகியது. உங்கள் மாவட்டப் பக்கத்தில் வருகிற செய்தி இதோடு சரி. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ஒருத்தரும் போவதில்லை.

போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தீ அணைந்தது என்று சொன்ன அன்றைக்கு அது அணைந்திருக்காது. பனையைப் பொறுத்தவரை பரவாயில்லை. காய்ந்து தொங்குகிற ஓலை குபீரென்று எரிந்து, மரம் அடியிலிருந்து கொண்டைவரை கறுத்து நிற்கும், குருத்து வேகாமல் இருந்தால் மறுபடி ஓலை விடும். மணல் தரையில் கீழே எரிய ஒன்றும் கிடையாது. கண்மாய்க்குள் கதை வேறு. கருவேல மரம் வெட்டின இடத்தில் தூர் இருக்கும், அந்தத் தூருக்குள் தீ இறங்கிவிட்டால், வேர் போகிற வழியெல்லாம் மண்ணுக்குள்ளேயே நடந்து போகும். மேலே பார்த்தால் சாம்பல் பூத்துச் சாதுவாகக் கிடக்கும், ஆடு மேய்க்கிற பையன் காலை வைத்தால் பொக்கென்று உள்ளே போய்க் கணுக்கால் வெந்துவிடும். எங்கள் ஊர் மூட்டக்காரர்கள் எரிந்த கண்மாய்க்குள் இறங்குவதற்கு முன்னால் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் காலை வைப்பார்கள். அலாஸ்காக்காரன் கையில் இருப்பதும் ஒரு கம்பிதான்.

இந்தக் கண்மாய்களில் எத்தனையோ வருஷத்து வண்டலும் மக்கும் படிந்திருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்றவை உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்த பறவைச் சரணாலயங்கள், அவையும் கண்மாய்கள்தான். ஒரு கண்மாயில் தீப்பிடித்தால் அந்த மக்கு எவ்வளவு போனது, அடுத்த மழைக்குத் தண்ணீர் எப்படி நிற்கிறது, கோரை முதலில் வருகிறதா, கருவேலம்தான் முந்திக்கொள்கிறதா, ஒரு நோட்டில் எழுதி வைத்த ஆள் இந்த மாவட்டத்தில் இருந்தால் நான் போய்க் கும்பிடத் தயார். பாக் நீரிணையில் கடற்புல் வளர்கிற சேற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும், இழுவை மடி அடியைச் சுரண்டிக்கொண்டு போனால் எத்தனை ஏக்கர் என்றுதான் பேசுகிறோம், எத்தனை விரக்கடை சேறு போனது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

ஆக, என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று உங்களுக்கு. அடுத்த தடவை கண்மாய்த் தீ, பனங்காட்டுத் தீ என்று செய்தி போடும்போது, உங்கள் நிருபரை ஒரு வாரம் கழித்து மறுபடி அதே இடத்துக்கு அனுப்புங்கள். புகை இருக்காது, படம் நன்றாக வராது, தெரியும். தூரைச் சுற்றி இன்னும் சூடு இருக்கிறதா, சாம்பலுக்குக் கீழே மண் எவ்வளவு ஆழத்துக்கு வெந்திருக்கிறது, எரியாத கரைப் பக்கம் எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். மறுவருஷம் மழைக்கு அப்புறம் இன்னொரு நாலு வரி.

இரண்டாவது, நம் கரையோரத்துக் கல்லூரிகளில் தாவரவியலும் புவியியலும் நடத்துகிறவர்களுக்கு. பிள்ளைகளுக்கு ஆய்வுத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று இணையத்தில் இருந்து எடுத்து ஒப்பேற்றுகிறார்கள் என்று நீங்களே புலம்புகிறீர்கள். ஒரு இரும்புக் கம்பி, ஒரு ஸ்கேல், எரிந்த இடத்தில் பத்துக் குழி, எரியாத இடத்தில் பத்துக் குழி, ஒரு நோட்டு. ஹெலிகாப்டர் தேவையில்லை, சாயல்குடிக்கு டவுன் பஸ் இருக்கிறது. வனத்துறை எல்லைக்குள் என்றால் மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குழி எடுக்கத் தெரிந்த ஆளும் மண்ணுக்குள் நெருப்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லத் தெரிந்த ஆளும் வேண்டுமென்றால், மூட்டம் போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் வருவார்கள். என் தம்பி வருவான், கூலி மட்டும் அன்றன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.